அண்ணாச்சிக்கு விட்ட வார்த்தை

நாற்பத்தேழு வயதில் லிங்கராஜுக்குப் 'புதுசா வந்த ஆள்' என்ற பட்டம் கிடைத்தது. தாராவியில் சொந்த மளிகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து தலை நரைத்தவர். கடை இருந்த வரிசையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். மனைவி பிரேமாவை உடன்குடியில் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வேலை தேடித் தூத்துக்குடிக்கு வந்தார். தூரத்துச் சொந்தக்காரர் ராஜதுரை அண்ணாச்சி துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சி நடத்திவந்தார். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகித வேலையெல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ்.

"வந்து இரி. வேலை எப்படின்னு பார்த்துட்டு நிரந்தரம் பண்ணுதேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் லிங்கராஜ் லாட்ஜ் அறையில் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் நடத்தினார். நிரந்தரமானால் ஒரு வீடு பிடிக்கலாம், பிரேமாவைக் கூட்டிவரலாம். அவளும் போனில் வேறெதையும் கேட்கவில்லை. "எப்பங்க கூப்பிடுவீங்க?" என்பாள். அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணி சோற்றைப் போடும்போது கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு தடவை சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை மதியம் வேலை ஓய்ந்ததும் அண்ணாச்சியின் அறையில் எல்லோரும் கூடவேண்டும். டீயும் மக்ரூனும் வரும். அன்றைய பேப்பரின் வார மலரில் வருகிற குறுக்கெழுத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து மேஜை நடுவில் விரித்து வைப்பார்கள். அண்ணாச்சி கையில் சிவப்புப் பேனா. அவர் ஒவ்வொரு குறிப்பாக வாசிக்க, சுற்றி நிற்பவர்கள் விடை சொல்ல, அவர் எழுதுவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, லாரி கிளீனராக இருந்து முதலாளியானவர். முழுக்கட்டமும் நிரம்பிய தாளைச் சுவரில் ஒட்டிவைப்பதில் அவருக்கு இருந்த பெருமை, புதிதாக வாங்கிய இரண்டு டிரெய்லர் லாரிகளில்கூட இல்லை.

முதல் சனிக்கிழமை லிங்கராஜ் வாயே திறக்கவில்லை. அவருக்கு இடமிருந்து வலம் எது, மேலிருந்து கீழ் எது என்பதே பிடிபடச் சற்று நேரமானது. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் மனுஷன் கடைக்காரர் இல்லையா, முதலாளிக்கு எதில் ஆசையோ அதில்தான் தனக்கு வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டார். பழைய பேப்பர் கடைக்குப் போய் வார மலர்களாகப் பொறுக்கி வந்தார். சாயங்காலம் லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிரேமாவுக்குப் போன் போட்டுக் குறிப்புகளை வாசித்தார்.

பிரேமா கல்யாணத்துக்காகத் தமிழ் பி.ஏ.வைப் பாதியில் விட்டவள். மும்பையில் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த தமிழ்ப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் மடிக்கக் கொடுப்பாள். குறுக்கெழுத்து அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல். "கடலும் ஆறும் கூடுற இடமா? கழிமுகம். எழுதுங்க, அடுத்தது?" என்று அவள் விரட்ட, இவர் பின்னாலேயே ஓட, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இல்லாத பேச்சும் சிரிப்புமாக இருவரும் இருந்தார்கள். கடை இருந்த காலத்தில் பேச நேரம் ஏது? இப்போது கடையும் இல்லை, பக்கத்தில் பெண்டாட்டியும் இல்லை, பேச்சு மட்டும் வந்துவிட்டது.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை வந்த புதிர் இரும்புக் கடலையாக இருந்தது. லிங்கராஜ் விடிந்ததுமே பேப்பர் வாங்கி, பல்கூடத் தேய்க்காமல் பிரேமாவைக் கூப்பிட்டார். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார்கள். ஒன்று மட்டும் மசியவில்லை. 'ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்த நிலம்', ஏழு எழுத்து.

"தீவு."

"ஏளா, அது ரெண்டு எழுத்துல்லா. இது 'றை'ன்னு முடியுது. நடுவுல ஒரு 'டை' வருது."

"நம்ம ஆத்தூர் பாலத்துல போகையில ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டு தெரியும்லா, அதானே கேக்கான்? அதுக்கு ஒரு பேர் உண்டுங்க. படிச்சிருக்கேன். செத்த இருங்க, உலையைப் போட்டுட்டு வாரேன்."

அவர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. "ஆற்றிடைக்குறை!" என்று அங்கே கத்தினாள் அவள். பின்னால் அண்ணி என்னவோ முணுமுணுத்ததும் கேட்டது. லிங்கராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் அண்ணாச்சியின் அறையில் அன்று எல்லோரும் திணறினார்கள். லிங்கராஜ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "ஏலே, பம்பாய்க்காரன் பெரிய ஆளா இருக்கானே" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அண்ணாச்சி பேனாவை மூடி வைத்து, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கஸ்டம்ஸ் வேலைக்குப் போய்வருகிற சீனியர் கிளார்க் ஹென்றி, மேஜைக்கு அடியில் லிங்கராஜின் காலை மிதித்தார். இவரோ இடம் போதாமல் மிதிக்கிறார் என்று காலை நகர்த்திக்கொண்டார்.

வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்முன் சரக்கை எடுத்து நீட்டினால்தான் நல்ல கடைக்காரன். இருபது வருடம் அப்படிப் பழகிய நாக்கு.

"ஆற்றிடைக்குறை, அண்ணாச்சி!"

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. அவர் அதை எழுதவும் இல்லை. "நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரத் தாள் சுவருக்கு ஏறவில்லை.

வெளியே வந்ததும் ஹென்றி பிடித்துக்கொண்டார். "என்னவே, உமக்குக் கூறு இருக்கா? கடைசி வார்த்தை அவருக்குல்லா! எங்க எல்லாருக்கும் தெரிஞ்சாலும் அதை அவருக்கு விட்டுருவோம். சும்மா விட்டாலும் ஆகாது. ரெண்டு பேர் தப்பா ஏதாவது சொல்லணும். அப்பதான் அவர் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்."

"முன்னாலயே சொல்லக்கூடாதா, ஹென்றி?"

"இதையெல்லாமா ஒருத்தர் சொல்லிக் கொடுப்பாங்க? காலை மிதிச்சேம்லா!"

திங்கட்கிழமை லிங்கராஜை ஃபேன் காற்றிலிருந்து கிளப்பிக் கண்டெய்னர் யார்டுக்கு அனுப்பினார்கள். கோபம் என்று யாரும் சொல்லவில்லை. யார்டில் ஆள் குறைவாம். சித்திரை வெயிலில் கண்டெய்னர் கண்டெய்னராகப் போய் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. உப்புக் காற்றில் உதடு வெடித்தது. நிரந்தரம் என்ற பேச்சை அண்ணாச்சியும் எடுக்கவில்லை, இவருக்கும் கேட்க வாய் வரவில்லை. ஒரு வார்த்தை தெரிந்ததற்குத் தண்டனை! இதை யாரிடம் போய்ச் சொல்வது? பிரேமாவிடமும் சொல்லவில்லை. அவள் ஆவலாக, "அண்ணாச்சி என்னங்க சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "ரொம்ப சந்தோஷப்பட்டாரு" என்று சொல்லிவைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வேறு பாடம் படித்தார். சனிக்கிழமை மதியம் யார்டிலிருந்து வேர்வையோடு வந்து எல்லோருக்கும் பின்னால் நிற்பார். கேட்டால் தலையைச் சொறிவார். கடைசி வார்த்தையின்போது அபத்தமாக ஒன்றைச் சொல்லித் திட்டு வாங்குவார். "ஏலே மூதி, உனக்கு மூளை எங்கல இருக்கு?" என்று அண்ணாச்சி சிரிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவரைப்போலத் தப்புச் சொல்ல அந்த ஆபீஸில் ஆள் இல்லை என்றாகிவிட்டது. ஹென்றியே அசந்துபோனார். சாயங்காலப் போனில் குறுக்கெழுத்து நின்றுபோனது. "ஏளா, ஆபீஸ்ல அதையெல்லாம் விட்டுட்டாங்க" என்று ஒரு பொய். பிரேமாவும் கொஞ்ச நாள் கேட்டுப்பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஆவணியில் அவரை மறுபடி ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, நிரந்தரமும் பண்ணினார் அண்ணாச்சி. டூவிபுரத்தில் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. பிரேமா வந்து பால் காய்ச்சினாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோது, வாங்கிய திட்டெல்லாம் தகும் என்றுதான் லிங்கராஜுக்குத் தோன்றியது.

ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை ஆபீஸில் குடும்பத்தோடு எல்லோருக்கும் சாப்பாடு. வாழையிலை எடுத்த பிறகு, பெண்டு பிள்ளைகள் முன்னாலேயே மேஜையில் தாளை விரித்தார்கள். பிரேமா அதைப் பார்த்ததும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். விட்டுவிட்டார்கள் என்றீர்களே என்ற பார்வை. அவர் சுவரைப் பார்த்தார்.

ஒவ்வொன்றாக நிரம்பிக் கடைசி ஒன்று மிஞ்சியது. 'கப்பல் நிலையாக நிற்க இது வேண்டும்', ஐந்து எழுத்து. அண்ணாச்சி பேனாவை மூடிக் கண்ணை மூடினார். கப்பல் காகிதத்திலேயே வயிறு வளர்க்கிற அத்தனை பேரும், கப்பலைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹென்றி வீட்டிலிருந்து வந்திருந்த பெண்கள் இந்த வழக்கம் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் வாயில் மக்ரூனைத் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"நங்கூரம்" என்றாள் பிரேமா.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து யார் என்று தேடினார். லிங்கராஜுக்கு யார்டின் வெயில் கண்முன் வந்தது. வீடு, வாடகை, அண்ணியின் கரண்டி, எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஏளா, உனக்கென்ன தெரியும்? நங்கூரமாம்! தெரியாத விஷயத்துல வாயைக் கொடுக்காம சும்மா கெட!" அதட்டிவிட்டு அண்ணாச்சியிடம் இளித்தார். "காட்டுக்குள்ள பனைமரத்தைப் பார்த்து வளந்தவ, அண்ணாச்சி. பாய்மரமா இருக்குமோ?"

"பாய்மரம் எப்படிலே நிக்க வைக்கும்?" என்று அண்ணாச்சி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி கண்ணை மூடினார், நெற்றியைத் தேய்த்தார், பிறகு மேஜையில் ஓங்கித் தட்டினார். "நங்கூரம்ல!"

அறையே கைதட்டியது. லிங்கராஜும் தட்டினார், மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினார். பிரேமா தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில் வரும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆற்றிடைக்குறையையும் யார்டையும் சொன்னார். "உன்னைக் கூட்டிட்டு வரத்தாம்ளா" என்றார்.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணன் வீட்டுல சோறு போட மூஞ்சியச் சுளிச்சாங்க. ஒண்ணும் தெரியாதவன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அதற்குமேல் சண்டை இல்லை. மறுநாள் ஆக்கினாள், பரிமாறினாள், தண்ணீர் பிடித்தாள். அடுத்த சனிக்கிழமை காலையில் லிங்கராஜ் பேப்பரோடு அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தார். சமாதானம் செய்ய அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வேண்டுமென்றே சுலபமான குறிப்பாகத் தேடி எடுத்தார்.

"மழைக்கு முன்னால வானத்துல வெட்டுறது. நாலு எழுத்து. சொல்லு பார்ப்போம்."

பிரேமா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நிமிடம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். தலையைச் சொறிந்தாள்.

"எனக்கென்னங்க தெரியும்? இடியா இருக்குமோ?" என்றாள்.