லூர்துமேரி வயரிங் போட்ட புல்லட்

அதியமான்கோட்டையில் நாலுவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஆரோக்கியராஜின் ஷெட் இருக்கிறது. போர்டு கிடையாது. டேங்க் கழற்றிய பழைய புல்லட்டும் ராஜ்தூத்தும் நாலைந்து எப்போதும் வாசலில் நிற்கும், அதுதான் அடையாளம். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூட ஆட்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். நாற்பது வருஷத்து வண்டியை இன்றைய ரோட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் அங்கே வேலை. ஆறு வோல்ட் பேட்டரி இருந்த இடத்தில் பன்னிரண்டு வோல்ட், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், அழுது வடிந்த ஹெட்லைட்டுக்குப் பதிலாகத் தொப்பூர் மலைச்சாலை வளைவையே பகலாக்கும் வெளிச்சம்.

இதில் இன்ஜினும் சக்கரமும் ஆரோக்கியராஜின் வேலை. வயர் என்று இருப்பதெல்லாம் அவர் மனைவி லூர்துமேரியின் வேலை. வருகிறவர்களுக்கு அது தெரியாது. ஆள் வந்தால் அவள் தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவாள்.

அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணத்துக்கு முன்னால் மாங்கூழ் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் பழம் பிரித்தாள். பெல்ட்டில் ஓடி வரும் பழத்தில் எது பாதி பழுத்த காய்வெட்டு, எது பழம், எது அழுகல் என்று நிறத்தை வைத்தே சொல்ல வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் ஷெட்டுக்குச் சோறு கொண்டுபோனபோது, கணவர் இரண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவருக்கு இரண்டும் ஒரே மண் நிறம். அதுவரை அந்த விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வண்டியின் வயரிங் மொத்தமாகப் புகைந்துபோனதற்கே எலி மேல்தான் பழியைப் போட்டிருந்தார். அன்றைக்கு அவள் நிறத்தை மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் வயரை உரித்துக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு புல்லட்டின் முழு வயரிங்கையும் தரையில் விரித்து, கொடி படர்வது மாதிரி அவளே கட்டி முடித்தாள். பதினோரு வருஷமாக அவள் கட்டிய வயரிங் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பாப்பாரப்பட்டி கிருஷ்ணப்பன் தன் புல்லட்டைக் கொண்டுவந்து விட்டது சித்திரை மாதம். மாந்தோப்புக்காரர், அறுபத்தேழு வயது. வாங்கிய நாளிலிருந்து நாற்பத்தாறு வருஷமாக அந்த ஒரே வண்டிதான். அந்தக் காலத்துப் புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போது வரும் வண்டிகளில் அது அப்படியே தலைகீழ். அவரையும் சேர்த்துப் பழைய புல்லட் வைத்திருக்கும் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது போவார்கள். மற்ற ஏழு பேரும் கியரை இடப்பக்கம் மாற்றிவிட்டார்கள். கிருஷ்ணப்பனை மட்டும் 'கால் மாத்திப் பொறந்தவரு' என்று கேலி செய்தார்கள். கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிஸ்க், லைட்டு, கியர் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொன்னார். அடுத்த ஞாயிறு தொப்பூர் இறங்கி மேட்டூர் போகிறார்கள், அதற்குள் வேண்டும் என்றார்.

இன்ஜினுக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பியைக் கொண்டுபோய்க் கியரை இடப்பக்கம் வரவைக்க ஆரோக்கியராஜுக்கு நாலு நாள் பிடித்தது. அவர் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். லூர்துமேரி வயரிங்கை முடித்து, வலது பக்கத்துப் புதுப் பிரேக் மிதிக்கும் முன்பிரேக்குக்கும் சிவப்பு விளக்குக்கான சுவிட்சை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கிருஷ்ணப்பன் ஓட்டிப் பார்க்க வந்தார். யார் ஓட்டிப் பார்த்தாலும் லூர்துமேரி தடுப்போரம் நின்று பின்விளக்கையே பார்ப்பாள். அவர் பஞ்சர் கடை வரை போய்த் திரும்பி ஷெட்டைத் தாண்டும் நேரம் குறுக்கே ஒரு ஆடு ஓடியது. வண்டி நிற்கவில்லை. ஒரு உலுக்கு உலுக்கி, ஆட்டை உரசாமல் தாண்டி, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியில் ஏறி அணைந்தது. பின்விளக்கு எரியவே இல்லை.

அவள் கட்டிய வயரிங்கில் ஒரு விளக்கு எரியாமல் போயிருக்கிறது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஆரோக்கியராஜ் ஓடிப்போய் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். சக்கரம் பிடித்தது, விளக்கும் எரிந்தது. கிருஷ்ணப்பன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "பிரேக்கும் புடிக்கல, லைட்டும் எரியல. வூட்டுல ரசம் வெக்கற கைகிட்ட வயரக் குடுத்தா இப்படித்தான் ஆவும் ஆரோக்கியம்" என்றார். முந்தின நாள் வந்தபோது அவள் வயர் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்.

வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி வந்தார்கள். லூர்துமேரி சுவிட்சை மூன்று தடவை சோதித்தாள். குறையில்லை. பிறகுதான் கியரைப் பார்த்தாள். வண்டி நாலாவது கியரில் இருந்தது. திரும்பி வரும்போது மூன்றாவதில்தான் வந்தது, சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். ஆட்டைப் பார்த்துவிட்டு எவனாவது கியரை ஏற்றுவானா? அப்படியென்றால் மனுஷன் பிரேக் என்று நினைத்து இடது காலை மிதித்திருக்கிறார். அங்கே இப்போது இருப்பது கியர், இந்த வண்டியில் அதைக் கீழே மிதித்தால் ஏறும். முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று நம்பும் தலைமுறை, அதனால் கையும் சும்மா இருந்திருக்கிறது.

கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டதைச் செய்துகொடுத்தாகிவிட்டது, ஓட்டிப் பழகினால் சரியாகிவிடும், நாற்பத்தாறு வருஷம் ஓட்டினவரிடம் உனக்குப் பிரேக் அடிக்கத் தெரியவில்லை என்று சொன்னால் பாப்பாரப்பட்டி முழுக்க நம் பெயரை நாறடித்துவிடுவார் என்றார். நாலு நாள் உழைத்த கம்பியைக் கழற்ற அவருக்கு மனசில்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது.

நாளை மறுநாள் ஞாயிறு. தொப்பூர் இறக்கத்தில் விபத்தென்று போகும் ஆம்புலன்ஸெல்லாம் இந்த ஷெட்டைத் தாண்டித்தான் போகும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா, ஒருதபா வண்டியில ஏறி ஒக்காருங்க. லைட்ட நான் பாக்கணும்."

வண்டி நியூட்ரலில், நடு ஸ்டாண்டில் நின்றது; சாவி மட்டும் போட்டிருந்தது, இன்ஜின் ஓடவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, வலது காலால் மிதித்தார். விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை. எரிந்தது. அவள் தோப்பில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று கேட்டாள். ஆரோக்கியராஜ் அவளை வினோதமாகப் பார்த்தார். வந்தவர் முகத்தைப் பார்த்து அவள் பேசி அவர் கண்டதில்லை.

கிருஷ்ணப்பனுக்குத் தோப்பு என்றால் போதும். "அத ஏம்மா கேக்கற. பெங்களூரா மாங்கா பரவால்ல. செந்தூராதான் பூவுலயே கொட்டிருச்சு. போன வருஷம் இதே மாசம்..."

"ஐயா, ஆடு!"

ஷெட்டே அதிரும்படி கத்தினாள். நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தவரின் இடது கால் ஓங்கி மிதித்தது. கடக்கென்று கியர் விழுந்தது. வலது கால் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆரோக்கியராஜ் பின்விளக்கைப் பார்த்தார். கிருஷ்ணப்பனும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

ஆடு எதுவும் இல்லை என்பது அவருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலு என்னக் கேக்காமயே போவுது" என்றார்.

"அது பழகின காலுங்கய்யா. கியரும் பிரேக்கும் பழைய பக்கத்துலயே இருக்கட்டும். டிஸ்க்கு, லைட்டு எல்லாம் புதுசா வெச்சுக்கலாம். உங்க கால மாத்தற வேல எங்களுக்குத் தெரியாதுங்க."

சிரித்துவிட்டார். அந்த ஏழு பேரும் என்ன சொல்வார்களோ என்று ஒரு வார்த்தை இழுத்தார், பிறகு, "சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க" என்று சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஆரோக்கியராஜ் கையில் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பூராவும் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. ஆரோக்கியராஜ் கம்பியைக் கழற்றினார். மத்தியானச் சாப்பாட்டின்போது, "நான் வண்டிய மட்டுந்தான் பாத்தேன். நீ ஓட்டறவரு காலப் பாத்திருக்க" என்றார். அவள் விளக்கு சுவிட்சை இடப்பக்கம் மாற்றிப் புது வயர் இழுத்தாள். சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவரைச் சர்வீஸ் ரோட்டில் பத்து நடை ஓட்டவைத்து, காலோடு சேர்த்து முன்பிரேக்கையும் பிடிக்கப் பழக்கிவிட்டுத்தான் அனுப்பினாள். மெதுவாகப் பிடியுங்கள், கவிழாது என்று அவள் சொல்லச் சொல்ல, தோப்புக்காரர் சரிம்மா சரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்த நேரம் ஆரோக்கியராஜின் போன் அடித்தது. தொப்பூர் இறக்கத்துக்குக் கீழே ஒரு டீக்கடையிலிருந்து கிருஷ்ணப்பன். மேரியிடம் கொடு என்றாராம். அவள் போனைக் காதில் வைத்தாள்.

வளைவில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றுவிட்டது. நினைப்பதற்குள் கால் போய்விட்டது, கையும் கூடவே போனது, லாரிக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடம் விட்டு வண்டி நின்றது என்று மூச்சு வாங்கச் சொன்னார். பின்னால் வந்தவர்களும் அவர் விளக்கைப் பார்த்துத்தான் நின்றார்களாம்.

"இங்க எல்லாரும் யாரு செஞ்ச வண்டின்னு கேக்கறானுங்க. ஆரோக்கியராஜ்னு சொல்லட்டுமா?"

லூர்துமேரி கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டார்.

"லூர்துமேரியும்னு சேத்துச் சொல்லுங்கய்யா" என்றாள்.

இப்போது ஆரோக்கியராஜ் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய வண்டி வந்தாலும், எத்தனை பெரிய மனுஷன் வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால் அவரே பஞ்சர் கடை வரை ஒரு நடை ஓட்டிக் காட்ட வேண்டும். போன மாதம் பெங்களூரிலிருந்து வேனில் வண்டியை ஏற்றி வந்த ஒருவர், எதுக்கு இந்தப் பரீட்சை என்று சலித்துக்கொண்டார். ஆரோக்கியராஜ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "மேரி பாக்கணுங்க. அவங்க சரின்னாத்தான் நான் கை வெப்பேன்" என்றார்.

லூர்துமேரி தடுப்புக்கு முன்னால் வந்து நின்று, வந்தவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.