மதிலுக்கு மேலால் ஒரு நேர்சரி

நான் என் மகளை நேர்சரிக்கு அனுப்புவது மதிலுக்கு மேலால். மத்தியானம் ஆனதும் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போவேன். அங்கே ஓரிடத்தில் மதில் இடிந்து இடுப்பளவுக்குத்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு கைகள் நீளும். சில நாள் அந்தக் கைகளில் மீன் செதில் ஒட்டியிருக்கும். பிள்ளை கைமாறுவாள், பின்னாலேயே அவளுடைய செருப்பும் தண்ணீர்ப் போத்தலும் போகும். கையெழுத்து இல்லை, அடையாள அட்டை இல்லை, விரல் வைத்தால் திறக்கிற கதவு இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் அல்லைப்பிட்டியில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், இதிலே எழுத என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். லண்டனில் பிள்ளை வளர்க்கிறவர்களிடம் சொன்னால் விலாசம் கேட்பார்கள்.

லண்டனில் நாங்கள் பெரிய பணக்காரத் தெருவில் இருக்கிறோம். பயப்படத் தேவையில்லை, நாங்கள் பணக்காரர் இல்லை. என் கணவர் ஜூட் அந்தத் தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர். வேலையோடு கட்டடத்துக்குக் கீழே நிலமட்டத்துக்குத் தாழ்வாக இரண்டு அறை வீடும் கிடைத்தது. எங்கள் யன்னலால் பார்த்தால் பணக்காரரின் சப்பாத்துக் கால்கள் தெரியும். விலாசத்தை மட்டும் கேட்ட சொந்தக்காரர்கள் நாங்கள் எங்கேயோ காசை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நம்புகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தத் தெருவின் நேர்சரிகளும் சப்பாத்தைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. எலிசாவுக்கு மூன்று வயது. அவளை அங்கே விட்டால் என் சம்பளம் முழுவதும் போய், ஜூட்டின் சம்பளத்திலும் ஒரு கடி கடிக்கும்.

இருந்தாலும் ஒரு நேர்சரியைப் பார்க்கப் போனோம். அங்கே பிள்ளைகளுக்கு யோகா உண்டு, சீன மொழி உண்டு, மண்ணில் விளையாடுவதற்கென்று தனியாக ஒரு அறையும் உண்டு. அந்த மண் கிருமி நீக்கிப் பைகளில் வருகிறதாம். மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை ஜூட் வீடு வந்து சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பொறுப்பாளர் என்னிடம், பிள்ளை வளர்ப்பில் உங்கள் தத்துவம் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. "பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரி" என்றேன். அவர் மிக ஆழமாகத் தலையாட்டி, "ஓ, உணவை மையமாகக் கொண்ட குடும்பம்" என்று எழுதிக்கொண்டார். பிறகுதான் செப்டெம்பர் வரைக்கும் இடம் இல்லை என்று சொன்னார். சம்பளம் போனாலும் வேலையாவது மிஞ்சட்டும் என்று செப்டெம்பருக்குப் பெயரைப் பதிந்தோம். கதவுக்குப் பக்கத்தில் விதிகள் தொங்கின. பிந்தி வந்து பிள்ளையை எடுத்தால் நிமிடக் கணக்கில் தண்டம்.

செப்டெம்பருக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. நான் ஒரு கணக்காளர் நிறுவனத்துக்கு வீட்டில் இருந்து அரைநாள் வேலை செய்கிறேன். எலிசா ஒருநாள் விசைப்பலகையில் ஏறி இருந்து, பாதி எழுதிய மின்னஞ்சலை ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டாள். என் மேலாளர் ஹெலன் நல்ல மனுசி. "பிள்ளையைப் பார்க்க ஒரு ஒழுங்கு செய்துவிடு. இல்லாவிட்டால் நாங்கள் மறுபடி யோசிக்க வேண்டி வரும்" என்று மிக அன்பாகச் சொன்னாள். ஆங்கிலேயர் அன்பாகப் பேசத் தொடங்கினால் வேலை போகப் போகிறது என்று அர்த்தம். அன்றிரவு கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. வேறு நேர்சரி தேடிக் கட்டுகிற காசைவிட விமான ரிக்கெற் மலிவு. அல்லைப்பிட்டியில் என் அண்ணனின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் கனடாவில் இருந்துகொண்டு கட்டிய வீடு. அங்கே இருந்து வேலை செய்கிறேன், கூட்டங்களுக்கு நேரம் தவறாமல் திரையில் வருவேன் என்று ஹெலனிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினேன்.

ஊரில் பிள்ளை பார்க்க ஆளா இல்லை என்பதுதான் என் எண்ணம். அண்ணனின் தெருவைப் பார்த்ததும் அந்த எண்ணம் பொய்த்துவிட்டது. மாடி மேல் மாடி, பளிங்குத் தரை, ஆளுயரக் கேற், கேற்றுக்கு மேலே கமெரா. மனிதர் மட்டும் இல்லை. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடிய ஒரு வருடம் இருந்தது. யாழ்ப்பாணத்தோடு நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். அதைத் தாண்டிப் போன நாங்கள் வீடு கட்டினோம். கமெராவில் தெரிகிற மாட்டைப் பார்த்துவிட்டு, யாரோ ஒருவர் ரொறொன்ரோவில் இருந்து அதைக் கலைக்கச் சொல்லிப் போன் பண்ணுகிற தெரு இது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளி இருக்கிறது. ஆனால் அது மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிடும். லண்டன் கண் விழிப்பதே எங்களுடைய மத்தியானத்தில்தான்.

பின்மதிலுக்கு அந்தப் பக்கம் யசிந்தா அக்காவின் வீடு. கணவர் அன்ரன் கடலுக்குப் போகிறவர். ஒன்றரை வயதில் சஜின் என்று ஒரு மகன். அண்ணனின் வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு அவவிடம்தான் இருந்தது. நான் வந்த இரண்டாம் நாள், காதில் கருவியை மாட்டிக்கொண்டு பின்விறாந்தையில் ஹெலனோடு பேசிக்கொண்டிருந்தேன். எலிசா என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலால் இரண்டு கைகள் வந்தன.

"அவளை இஞ்சால தாரும். நீர் போய் உம்மட வேலையைப் பாரும்."

எங்கள் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால் எந்த நேர்சரியும் வெட்கப்படும். எலிசா சஜினோடு ஒரே கோப்பையில் புட்டும் மீனும் தின்றாள். கிருமி நீக்காத மண்ணில் புரண்டாள். கரைக்குப் போய் வலையில் சிக்கிய நண்டோடு சண்டை பிடித்தாள். குழப்படி செய்தால் யசிந்தா அக்கா தன் பிள்ளையை ஏசுவது போலவே அவளையும் ஏசுவா. பொழுதுபட மதிலுக்கு மேலால் திரும்பி வரும்போது மீன் வாசமும் தலை நிறைய மணலும் கூடவே வரும். எனக்குச் சந்தோசம், அதோடு ஒரு பதற்றமும். இலவசமாகக் கிடைப்பது எதுவாக இருந்தாலும் பயப்பட லண்டன் எங்களைப் பழக்கியிருக்கிறது. ஒரு மாதம் ஆனதும் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"பிள்ளையைப் பார்க்கிறதுக்கு, அக்கா."

"விசர்க் கதை கதையாமல் போம்."

அடுத்த நாள் நண்டுக் கறி ஒரு சட்டியில் வந்தது. சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நாலு வெங்காயமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்கு மறக்கவில்லை. குசினியில் கொடுக்கும்படியாக எதுவும் இருக்கவும் இல்லை. உடனே மூளை வேலை செய்தது. மாதக் காசை மடித்து ஒரு பையில் சுற்றிச் சட்டிக்குள் வைத்து, மூடி, மதிலுக்கு மேலால் கொடுத்துவிட்டேன். ஊர் வழக்கத்தையும் காப்பாற்றினேன், லண்டன் கணக்கையும் தீர்த்தேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மதிலடியில் கைகள் இல்லை. வாசல் மணி அடித்தது. அது வேலை செய்யும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சுற்றித் தெருவால் வந்து, கேற்றடியில் நின்றது யசிந்தா அக்கா. தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிற சட்டை போட்டிருந்தா.

"பிள்ளையை எத்தினை மணிக்குத் தாறியள்? எத்தினை மணிக்குத் திருப்பிக் கொண்டு வாறது?" என்று கேட்டா. "சாப்பாடு நீங்கள் குடுத்து விடுறியளோ, நான் குடுக்கிறதோ?"

"என்னக்கா, கோவமோ?"

"கோவமென்ன. வேலைதானே."

அன்றில் இருந்து சரியாக ஆறு மணிக்கு எலிசா முன்வாசலுக்கு வந்து சேர்ந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, பவுடர் பூசிய முகம், மடிப்புக் கலையாத சட்டை. கடற்கரை நின்றுபோனது, மண் நின்றுபோனது. கூலிக்குப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டுமே. பிள்ளையைக் கதிரையில் இருத்திப் படப் புத்தகம் காட்டியிருக்கிறா. "இண்டைக்கு முழுச் சாப்பாடும் சாப்பிட்டவ" என்று எனக்கு அறிக்கையும் தந்தா. நான் கொடுத்த காசுக்கு ஒரு குறையும் இல்லாத லண்டன் நேர்சரியை அல்லைப்பிட்டியில் வாங்கிவிட்டேன். இரண்டாம் நாள் எலிசா படுக்கையில் கிடந்து அழுதாள்.

"யசிந்தா பெரியம்மாவுக்கு என்னோட கோவம். அவ என்னை ஏசவே இல்லை."

ஜூட்டுக்குப் போனில் சொன்னேன். "நீர் சம்பளம் குடுத்தனீர். அவ வேலை செய்யிறா. இதில என்ன பிழை?" என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முதுகு நோக நோக அடுத்தவர் பிள்ளையைத் தூக்கித் திரிகிற பெண்களுக்குக் கூலி வேண்டும். லண்டனில் அது போதாது என்று நானே வாதாடுவேன். யசிந்தா அக்காவின் முதுகு மட்டும் இலவசமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். என் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா இருந்தா, நான் அவவை வேலைக்காரியாக்கிவிட்டேன். அதை நினைத்து நானும் அழுதேன்.

அடுத்த கிழமை எனக்கு ஒரு முக்கியமான கூட்டம். இப்படித் தூரத்தில் இருந்து வேலை செய்ய விடுவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கிற கூட்டம். ஹெலனுக்குப் பக்கத்தில் அவளுடைய மேலாளரும் இருந்தார். நான் காலாண்டுக் கணக்கை விளக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பின்மதிலில் ஏதோ விழுந்த சத்தம். ஒரு கையில் சஜினோடும் மறு கையில் எலிசாவோடும் யசிந்தா அக்கா விறாந்தைக்கு ஓடி வந்தா.

"இவரைக் கடலில திருக்கை மீன் குத்திப்போட்டுது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறம். இவனைப் பிடியும்."

பிடிக்க முடியுமா என்று கேட்கவில்லை. சஜினை என் மடியில் வைத்துவிட்டு, வந்த வழியாலேயே மதில் ஏறிப் போய்விட்டா. சஜினுக்குக் கீழே உடுப்பு இல்லை. ஹெலன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைக் கீழே இறக்கினால் அலறுவான் என்பதும் தெரியும். ஒரு தொடையில் அவனையும் மறு தொடையில் எலிசாவையும் இருத்திக்கொண்டு, வரி விகிதத்தைப் பற்றித் தொடர்ந்து பேசினேன். நடுவில் என் மடி சூடாக நனைந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் சஜின் என் தோளில் நித்திரையாகிப் போனான்.

"உன்னுடைய ஒழுங்கு எதுவானாலும் அது நன்றாகத்தான் நடக்கிறது போலிருக்கிறது" என்றாள் ஹெலன். இரண்டு நாள் கழித்து, இரண்டாவது பிள்ளைக்கு வாழ்த்து என்று அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட அட்டை ஒன்று மின்னஞ்சலில் வந்தது. செப்டெம்பர் வரைக்கும் அனுமதியும் கூடவே வந்தது. நான் எதையும் திருத்தவில்லை.

கூட்டம் நடந்த அன்று பொழுதுபட்ட பிறகு யசிந்தா அக்கா வந்து குசினிக் கதிரையில் பொத்தென்று இருந்தா. அன்ரன் அண்ணைக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆபத்து இல்லை என்றா. பாயில் படுத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தா.

"இவனுக்கு என்ன குடுத்தனீர்?"

"நூடில்ஸ், அக்கா."

"உந்த நூடில்ஸையோ? அறிவிருக்கோ உமக்கு? சோறு ஒரு பிடி வைக்கத் தெரியாதோ?"

அவ ஏச ஏச எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. மறுநாள் மதிலுக்கு மேலால் சட்டி வந்தது. பொரித்த ஓரா மீன், அதற்குக் கீழே வாழையிலை, இலைக்குக் கீழே நான் காசு சுற்றிய பை, பிரிக்காமல் அப்படியே.

"இதை நீரே வைச்சிரும். காசு வாங்கினாப் பிறகு பிள்ளையை ஏசவும் ஏலாது, கொஞ்சவும் ஏலாது. என்னாலை உப்பிடி இருக்கேலாது."

"அப்ப நான் சும்மா விடுறதோ, அக்கா?"

"ஆர் உம்மைச் சும்மா விடச் சொன்னது? விடியக்காலமையில நான் கரையில மீன் தெரிஞ்செடுக்கேக்க இவனை இடுப்பில வைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன். நீர் விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டு இருக்கிறீர். கண் தெரியேல்லையோ?"

தெரிந்திருக்கவில்லை. ஒரு மாதமாக எவ்வளவு தரவேண்டும் என்று கணக்குப் பார்த்தேனே தவிர, அவவுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை. இப்போது லண்டன் நித்திரை கொள்ளும் நேரமெல்லாம் சஜின் என்னுடைய பொறுப்பு. விடிய அவன் மதிலுக்கு மேலால் இந்தப் பக்கம் வருவான். மத்தியானம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போவார்கள். இப்போது எனக்குச் சோறு வைக்கவும் தெரியும்.

நேற்று மத்தியானம், பிள்ளைகள் மதில் தாண்டும் முன்பே, லண்டன் நேர்சரியின் பொறுப்பாளர் போன் பண்ணினார். செப்டெம்பரில் எலிசாவுக்கு இடம் உறுதி. முற்பணம் கட்டியாயிற்று, கட்டும்போது ஜூட்டும் நானும் போனின் இரண்டு பக்கமும் பெருமூச்சு விட்டதும் ஆயிற்று. அந்த நேர்சரி இடத்தை நம்பித்தான் என் வேலை இருக்கிறது, போகத்தான் வேண்டும். பொறுப்பாளர் சில கேள்விகள் கேட்டார். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, வீட்டில் என்ன மொழி, குடும்ப வைத்தியர் யார். கடைசியாக, நீங்கள் இருவரும் வர முடியாமல் போனால் உடனே வந்து பிள்ளையை எடுக்கக்கூடியவர் யார் என்று கேட்டார்.

நான் எங்கள் லண்டன் தெருவை மனதில் ஒருமுறை நடந்து பார்த்தேன். இரண்டாம் மாடியில் நாயோடு ஒரு அம்மா இருக்கிறா. நாயின் பெயர் தெரியும், அவவின் பெயர் தெரியாது. எதிரே ஒரு டொக்டர், அவர் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் தலையாட்டுவார். சொந்தக்காரர்கள் இரண்டு ரயில் மாறிவர வேண்டிய தூரத்தில். நாலு வருடம் இருந்த தெருவில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. "ஹலோ, இருக்கிறீர்களா?" என்றார் பொறுப்பாளர். என் குசினியில் மாவைக் கொட்டிவிட்டதற்காக ஒரு குரல் எலிசாவையும் சஜினையும் ஒரே மூச்சில் ஏசிக்கொண்டிருந்தது.

"யசிந்தா" என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

"என்ன உறவு?"

"என் அக்கா."

"எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?"

"அடுத்த வீடு" என்றேன்.

மிகவும் நல்லது என்று சொல்லி அவர் எழுதிக்கொண்டார்.