துரை அறைக் கம்பளத்தில் பலாப்பால்

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, பாளையங்கோட்டைச் சாலையில் இருந்த ஒரு பஞ்சுக் கம்பெனி ஆபீசில் நானும் என் மதினியும் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தோம். என் புருஷன் கண்டித் தோட்டத்துக்குப் போனவர் போனவர்தான். அதனால் நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அண்ணனோ பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால், மதினியின் வேலையை முன்னிட்டுக் கம்பெனி கொடுத்த ஓட்டு அறையில்தான் அவன் கட்டில் இருந்தது. வேலை போனால் அறையும் போகும். அப்புறம் அவனை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் வாய்விட்டுப் பேசியதே இல்லை.

மாடியில் துரையின் அறை. அதில் ஒரு கம்பளம், கப்பலில் வந்தது, சிவப்பில் வெள்ளைப் பூப் போட்டது. அதற்கு இருந்த மரியாதை எங்களுக்கு இருந்ததில்லை. காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதன்மேல் ஏறுவோம். துரை தூத்துக்குடியில் இருந்தார், மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். மற்ற நாளெல்லாம் பெரிய குமாஸ்தாதான் துரை.

அந்த ஆனி மாதம் ஒரு பஞ்சு வியாபாரி பாபநாசத்திலிருந்து குமாஸ்தாவுக்கு ஒரு பலாப்பழம் அனுப்பியிருந்தார். கீழே புழுக்கம், மாடியில் ஆற்றுக் காற்று வரும். ஆகவே மனிதர் துரையின் அறையிலேயே பழைய காகிதத்தை விரித்து, சக உத்தியோகஸ்தர்களையும் கூட்டி உட்கார்த்திக்கொண்டு, கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை வெட்டினார். அவர் கையில் ஒரு பொட்டுப் பால் ஒட்டவில்லை. காகிதம் நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. தின்று முடித்து, மிஞ்சிய சுளைகளை ஒரு தேக்கிலையில் வைத்து எங்களிடம் நீட்டினார். மிஞ்சியது பெருக்குகிறவர்களுக்கு என்பது அங்கே வழக்கம்.

அண்ணன் மூன்று சுளை தின்றான். "தேனுல்லா" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பெருக்கப் போனால், கம்பளத்தில் ஆறு இடத்தில் பால் விழுந்து, செருப்பு மிதித்து, கறுப்பாய் இறுகிக் கிடந்தது. நகத்தால் கிள்ளினால் கம்பளத்து மயிர்தான் கூட வந்தது. குமாஸ்தா வந்து பார்த்தார். தான் வெட்டியது என்ற நினைப்பே இல்லாத முகம்.

"துரை நாளன்னைக்கு வாராரு. அதுக்குள்ள சுத்தம் பண்ணிரணும், ஆமா" என்றார்.

மதினி அசரவில்லை. "ஏட்டி, இதுக்குப் போயி ஏன் மலைச்சு நிக்க? நல்லெண்ணெயத் தடவு. கையில ஒட்டுனா போவுதுல்லா, கம்பளத்துல போவாதா?"

எங்கள் ஊரில் பலாப்பழம் வெட்டத் தெரிந்த யாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் சரி என்றேன். வீட்டிலிருந்த எண்ணெய்க் கலயத்தையே கொண்டுவந்து ஊற்றி, தேங்காய் நாரால் பையப் பையத் தேய்த்தோம். பால் இளகி நாரோடு சுருண்டு வந்தது. மதியத்துக்குள் ஆறு இடமும் போய்விட்டது. மதினி கோயிலில் பாடும் கீர்த்தனையை முணுமுணுக்கக்கூடச் செய்தாள்.

சாயங்காலம் பார்த்தால், காலணா அகலம் இருந்த கறை ஒவ்வொன்றும் சுளகு அகலத்துக்கு எண்ணெயாய்ப் பரந்திருந்தது. கையில் தடவிய எண்ணெயைத் துணியால் துடைத்துவிடலாம். கம்பளம் குடித்த எண்ணெயை என்ன செய்ய?

எண்ணெய்ச் சிக்குக்கு உவர்மண் என்பதும் நாங்கள் அறிந்ததுதான். ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் துறையிலிருந்து ஒரு பெட்டி உவர்மண் வாங்கிவந்து, வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கசக்கினோம். எண்ணெய் நுரைத்து வந்தது. அதோடு சிவப்புச் சாயமும் வந்தது. வெள்ளைப் பூவெல்லாம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. போதும் மதினி, விட்டுவிடுவோம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் விட்டுவிட்டு என்ன செய்வது? மறுநாள் முழுக்கச் சாரல் மேகம், வெயிலே இல்லை. ஆளுக்கொரு விசிறியை வைத்துக்கொண்டு கம்பளத்துக்கு வீசினோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மதினியின் உள்ளங்கை உவரில் தோலுரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

துரை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இதை யார் செய்தது என்று குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் கேட்டார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவள். பஞ்சு மூட்டையில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை நான் வாசிப்பதை மதினி கிட்டங்கி ஆட்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். துரை கேட்டது எனக்குப் புரிந்தது.

குமாஸ்தா மதினி பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீ பலாப்பழம் தின்னியா, இல்லையா?"

"தின்னேன்யா. நீங்கதான..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"தின்னேன்யா."

இந்தப் பெண்கள் இங்கே உட்கார்ந்து பழம் தின்றிருக்கிறார்கள், அவளே ஒப்புக்கொள்கிறாள் என்று குமாஸ்தா இங்கிலீஷில் சொன்னார். அதுவும் எனக்குப் புரிந்தது. அவள் ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று துரை கேட்டார். நியாயமான மனிதர்தான்.

"துரையக் கும்புடு" என்றார் குமாஸ்தா.

மதினி தோலுரிந்த இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். துரை தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள், கிட்டங்கி ஆட்கள் நாலு பேர் அண்ணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். கோயில் வளவில் விறகு அடுக்கும் ஓலைச் சாய்ப்பு ஒன்றைப் பத்து நாளைக்குக் கொடுத்திருந்தார்கள். நான் பானைகளையும் மதினி பாய்களையும் சுமந்து பின்னால் நடந்தோம். பாதி வழியில் மதினி கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியுமே. அங்கன துரை என்ன கேட்டாரு?"

"எனக்கு வெளங்கல மதினி" என்றேன்.

அவள் அதை நம்பினாள். "நாலாங்கிளாசு படிச்ச ஒனக்கே வெளங்கலன்னா, நம்ம சொல்லி அவருக்கு என்ன வெளங்கும்" என்று சொல்லிவிட்டு, சரிந்த பாயைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

கேட்டால் புரியும் அளவுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ் இருந்தது, பேசும் அளவுக்கு இல்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். "நோ சார்" என்று சொல்ல எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.