நிலவுத் தூசியும் வெர்னாவின் கல்யாணமும்

வெர்னா டில்லட்சன், கீமா என்ற கடலோர ஊரில் இறால் பிடிப்பவரின் மகள். ஹூஸ்டன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்த வேலையும் இறாலோடுதான். நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லைப் பொடியாக்கி, இறால் தொட்டியில் கலந்து, அவை சாகின்றனவா என்று பார்க்க வேண்டும். "எங்கப்பா புடிச்சுக் கொல்றாரு, நான் வளத்துக் கொல்றேன்" என்பாள். ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை.

மனிதர்கள் இரண்டாம் முறை நிலவுக்குப் போய்க் கல்லோடு திரும்பிய 1969 நவம்பரில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஹார்லன், படகு இன்ஜின் மெக்கானிக். அழகன், அம்மா பிள்ளை. வரும் சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம். விருந்துக்கு மாட்டிறைச்சி சுட ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம் பார்த்துத்தான் கையுறை கிழிந்தது. மூடிய பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுத்தான் அவளும், பக்கத்தில் நானும் வேலை செய்வோம். நிலவுத் தூசி கண்ணாடித்தூள் மாதிரி அறுக்கும். வெர்னா கையை வெளியே எடுத்தபோது விரல் நுனி சாம்பல் நிறமாக இருந்தது. கிழிந்தால் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. அடித்தால், அறையில் இருக்கும் அத்தனை பேரும், நிலவுக்குப் போய்வந்தவர்களோடு சேர்ந்து டிசம்பர்வரை அடைந்து கிடக்க வேண்டியதுதான். அங்கிருந்து என்ன கிருமி வந்திருக்கிறதோ என்று ஊருக்கே பயம்.

"பாத்தது நாம ரெண்டு பேருதான். கையக் கழுவிட்டு வாய மூடிக்கோடி" என்றேன். இன்றைக்கும் அது புத்திசாலித்தனமான யோசனை என்றே நினைக்கிறேன்.

"நிஜமாவே ஏதாவது இருந்தா, ஓபல்? மொதல்ல ஹார்லனுக்குத்தானே ஒட்டும்?" என்றவள் மணியை அடித்துவிட்டாள்.

சனிக்கிழமை உள்ளேயே கழிந்தது. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு எரிச்சல். ஹார்லன் ஒரே ஒரு நாள் வந்தான். இடையில் கனத்த கண்ணாடி, பேச டெலிபோன். அப்படியும் தள்ளியே நின்றான்.

"ஒரு வருசம் பொறுத்துப் பாக்கலாம்னு அம்மா சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"அவங்க சொல்றதும் சரிதானே."

யாருக்கும் ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் எங்களை வெளியே விட்ட அன்று வாசலில் அவனுடைய வண்டி நின்றது. வெர்னா ஓடினாள். அவன் பின்வாங்கினான்.

"என் எறாலு ஒண்ணுகூடச் சாகல, ஹார்லன். ஒனக்கு என்ன வந்துது?"

அவள் மோதிரத்தைக் கழற்றி வண்டியின்மேல் வைத்தாள். கைக்குட்டையால்தான் எடுத்தான் அந்த மகராசன்.

என் காரில் வரும் வழியெல்லாம் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

"மணி அடிச்சிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள்.

"அடிக்காம இருந்திருந்தா இந்நேரம் அவன் பொண்டாட்டியா இருப்படி."

அதோடு அழுகை நின்றது.