இங்கிலீஷ் வகுப்புச் சத்தம்

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் மேனேஜர். கட்டடம் எங்கள் நிலத்தில் நின்றது. வாத்தியார்களை வைப்பதும் அனுப்புவதும் அவர் இஷ்டம். ஈரோட்டில் படித்துவிட்டுச் சும்மா இருந்த அம்மாவின் தம்பியை இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க அவரே அழைத்து வந்தார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும்.

இங்கிலீஷ் வகுப்பு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. கம்பஞ்சோறும் மோரும் வயிற்றில் கனக்க, வெயிலில் காய்ந்த ஓட்டுக்கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தெரியாத பாஷையை யார் கேட்பார்கள்? மாமா பாடம் வாசித்தார், நாங்கள் தூங்கினோம். பரீட்சையில் தவறி என் வகுப்புக்கே வந்து சேர்ந்திருந்த அண்ணன் குறட்டையே விட்டான். மாமா பிரம்பைத் தொடவில்லை. ஒருநாள் மேஜையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, "இது ரயில் ஸ்டேஷன். எல்லாரும் எந்திரிங்க!" என்றார்.

அன்றிலிருந்து டிக்கெட் வாங்கினோம், இடத்துக்குச் சண்டை போட்டோம், ரயிலைத் தவற விட்டு அழுதோம். எல்லாம் இங்கிலீஷில். தமிழ் பேசினால் ரயிலிலிருந்து இறக்கி விடுவார். ரயிலையே பார்த்திராத நாங்கள் தொண்டை வறளக் கத்தினோம். மணி அடித்த பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

தப்பில்லாமல் பேசுகிறவன்தான் ஸ்டேஷன் மாஸ்டர். அநேகமாக அது சின்னானாகவே இருக்கும். அவன் அப்பன் எங்கள் தோட்டத்தில் பண்ணையாள். சேரிப் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் சர்க்கார் பணம் வராது என்று இன்ஸ்பெக்டர் சொன்னதால் சேர்க்கப்பட்டவன். வாசலோரம் தனிச் சாக்கில் உட்காருவான். விளையாட்டு ஆரம்பித்தால் மாமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலிமேல் நிற்பான். நாக்கு புரளாத அண்ணனுக்கு எப்போதும் போர்ட்டர் வேலை. தலையில் மூட்டையோடு "யெஸ் சார், யெஸ் சார்" என்று சின்னானைச் சுற்றி ஓடுவான். அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. அவன் இங்கிலீஷ் பேசிப் பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஒரு மத்தியானம் அப்பா வாசலில் வந்து நின்றார். மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாருங்க மச்சான், தூங்கறவன் ஒருத்தன் இருக்கறானுங்களா?"

அப்பா நாற்காலியைப் பார்த்தார். பிறகு அண்ணன் தலையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "வகுப்புல சத்தம் சாஸ்தியா இருக்குது மாப்பிளே" என்றார், சாதாரணமாக.

மாமா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் எங்கள் ரயில் கிசுகிசுத்துக்கொண்டு ஓடியது. ரகசியக் குரலில் டிக்கெட் கேட்டோம்; விசிலைக்கூட மூச்சால் ஊதினோம். சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது. அடுத்த அறை வாத்தியாரே வந்து எட்டிப் பார்த்தார், வகுப்பு நடக்கிறதா என்று.

"இப்பச் சத்தமே இல்லீங்க மச்சான்" என்றார் மாமா அந்த வாரக் கடைசியில்.

"ஸ்டேஷன் மாஸ்டர் யாரு?"

"சின்னான்தானுங்க. அவனாட்டப் பேசறதுக்கு வேற ஆளில்லீங்க."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார்.

மாமா பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர் என்று ஊரில் பேச்சு வந்தது. மாமாவின் வேலை போயிற்று. அவர் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டும்போது அம்மா அப்பாவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியோடு வண்டியேறிய மாமாவிடம், ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சத்தமுங்க கண்ணு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

புது வாத்தியார் பிரம்போடு வந்தார். சின்னான் அடுத்த வாரமே நின்றுவிட்டான். எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலை மாடு ஓட்டினான். நான் ஒருநாள் "குட்மார்னிங், ஸ்டேஷன் மாஸ்டர்" என்று கூப்பிட்டபோது, தன் அப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்லாதீங்க சின்னக் கவுண்டரே" என்றான். அவனுக்கு இங்கிலீஷ் அதற்குள் மறந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருந்தால் மாமா போயிருக்க மாட்டார் என்றுதான் அந்த வருஷம் முழுக்க நம்பினேன். கதவை ஓசையில்லாமல் சாத்தினேன். செம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் வைத்தேன். "ஏங்கண்ணு, பூனையாட்டம் நடக்கறே?" என்று அம்மா கேட்டாள். அப்பா அதற்கு, "பையனுக்கு இப்பத்தான் அடக்கம் வந்திருக்குது" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.