கதவைச் சாத்திக்கொண்டு விட்ட மூச்சு

கொரோனா வந்து போன பிறகு எனக்கு மூச்சு விடத் தெரியாமல் போனது. சிரிக்காதீர்கள். நாற்பது வருடம் யாரும் சொல்லித் தராமல் விட்ட மூச்சுதான். ஹட்டனில் கிளினிக் நர்ஸ் மிஸ் ஒரு படத்தாளைக் கொடுத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னார். கையைத் தூக்கும்போது இழுக்க வேண்டும், இறக்கும்போது ஊத வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி மடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஒட்டு வீடுகளாக நிற்கும் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்வதற்குள், எப்போது இழுப்பது, எப்போது ஊதுவது என்று குழம்பிவிட்டது.

என் கையும் சொன்னபடி கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்தைப் பறித்துத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்தே பழகிய கை அது. மூச்சு பாதி வருவதற்குள் இரண்டு தடவை போய் வந்துவிடும்.

வாசலில் நின்று செய்யவும் பயம். சுகமில்லை என்று வீட்டில் இருப்பவள் கையை வீசிக்கொண்டிருந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி சும்மா விடுவாரா? கோயில் படி நாலு ஏறினாலே எனக்குக் கண் இருட்டியது. கொழுந்து பறிக்க மறுபடி மலை ஏறுவேனா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் எப்படி விளக்குவது? அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் அடுப்படியில் செய்தேன்.

பத்து நாள் விடாமல் செய்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இழுக்க இழுக்க நெஞ்சு எரிந்தது, இருமல் கூடியது. படத்தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன். போதாததற்குச் சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா. நான் இருமினால் அவரும் இருமுவார். பழிப்புக் காட்டுகிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் அதே காய்ச்சல் வந்து போனதை நான் நினைக்கவே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் மிஸ் கிட்ட வந்து என் சேலையை மோந்து பார்த்தார்.

"எங்க வச்சுச் செய்றீங்க?"

"அடுப்படியில மிஸ். கதவச் சாத்திக்குவேன்."

"அடுப்பு எரியுமா?"

"ஆமாங்க. தேயிலக் குச்சிதான் எரிப்போம்."

மிஸ் தலையில் கை வைத்தார். "அப்ப இத்தன நாளும் பொகையவா நல்லா இழுத்து இழுத்து உள்ள வாங்குனீங்க? வெளிய நின்னு செய்ங்க."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வாசலில் நின்று கையைத் தூக்கினேன். பக்கத்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"ஏம் புள்ள, வெளியவா செய்யச் சொன்னாங்க?"

அக்காவின் கையில் அதே படத்தாள், புகையில் பழுத்துப்போய் இருந்தது.

"நீங்களும் அடுப்படியிலயாக்கா?"

"பின்ன? கங்காணி பாத்தா?"

பேச்சை நிறுத்தியவள் நான்தான்; நானே நகர்ந்து இடம் விட்டேன். வந்து நின்றார்.

சொல்லி வைத்தாற்போல் கங்காணி அந்த வழியாக வந்தார். "என்னா, ரெண்டு பேருக்கும் கை நல்லாத் தூக்குதே?"

அக்காவின் கை பாதியில் நின்றது. பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் மூச்சு இன்னும் முடியவில்லை. உதட்டைக் குவித்தபடி, அவர் முகத்தைப் பார்த்தே ஊதினேன். அக்காவும் கையை இறக்கி ஊதினார். இரண்டு பேருக்கும் இருமல் வரவில்லை.