காற்றா, தண்ணீரா

எங்கள் தெருவில் இன்சூரன்ஸ் செய்யப்பட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். புயல் போன பிறகு மாதக்கணக்கில் கூரையில்லாமல் கிடந்த வீடும் எங்களுடையது ஒன்றுதான்.

அக்காள்மடத்தில் ரோட்டோரம் அய்யா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அதே சுவரில் ஒட்டிக்கொண்டு வீடு. ஓட்டு வீடு. சுற்றிலும் மீன்பிடிக்கிறவர்களின் ஓலை வீடுகள். நாங்கள் உள்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் அந்த மணலிலேயே பிறந்த கிறிஸ்தவர்கள், ஊர்ப்பேச்சில் வேதக்காரர்கள். ஓட்டின் சிவப்பில் அய்யாவுக்கு ஒரு கர்வம் உண்டு. மதுரையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மீன்குழம்பு சாப்பிட வந்த இடத்தில் அந்தக் கர்வத்தை மோப்பம் பிடித்துவிட்டார். தீப்பிடித்தால் கம்பெனி தரும், புயல்காற்று அடித்தால் கம்பெனி தரும் என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடல் வந்தால் யார் தருவார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் கடலை வைத்துக்கொண்டு அதைக் கேட்க மறந்தோம்.

அந்தக் கார்த்திகையில் கடல்தான் முதலில் வந்தது. சத்தம்கூடப் போடவில்லை, விருந்தாளியைப் போல வாசல் வழியாக வந்து அடுப்படிவரை போயிற்று. பக்கத்து வீட்டுச் சம்மாட்டிதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். சொந்த வள்ளத்தில் ஆள் ஏற்றி மீன்பிடிக்கப் போகிறவரை அங்கே சம்மாட்டி என்பார்கள். அவர் மார்பளவு தண்ணீரில் நடக்க, நான் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எங்கள் பின்சுவர் களைத்துப்போன மாடு முன்னங்கால் மடக்குவதுபோலத் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. அப்போது ஓடுகள் எல்லாம் கூரைமேலேயே இருந்தன. ஓடுகளைப் பறக்கடித்துக்கொண்டு போன காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. சம்மாட்டியும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "பாக்காத தாயி" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் தெரு தன் வேலையைத் தொடங்கியது. அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வீடு. வீட்டுக்கு ஓர் ஆண் வந்து சேர வேண்டும். பெண்கள் தென்னோலையில் கிடுகு முடைவார்கள். அன்று யார் வீட்டுக்குக் கூரை போடுகிறார்களோ அந்த வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆரம்பித்து வரிசையாகப் போகும். சம்மாட்டி தன் வீட்டைக் கடைசியில் வைத்திருந்தார். அந்த வரிசையில் எங்கள் வீட்டையும் யாரும் சொல்லாமலேயே சேர்த்திருந்தார்கள். எங்கள் முறை வந்த காலையில் தலையில் கிடுகும் தோளில் பனங்கழியுமாக அத்தனை பேரும் வாசலில் வந்து நின்றார்கள்.

அய்யா குறுக்கே வந்து நின்றார். அதற்குள் மாமா ஓடிவந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கம்பெனி ஆளு வந்து பாக்குற வரைக்கும் இங்கன ஒண்ணையும் தொடப்படாது சம்மாட்டி. தொட்டா ஒண்ணும் கெடைக்காது."

"அவுக வாரதுக்குள்ள மழை வந்துருமே, அண்ணாச்சி."

"நனையட்டும். நனைஞ்சதுக்கும் சேத்து வாங்கிக்கிறலாம்."

பின்னாலிருந்து ஒரு குரல், "ஓட்டு வீட்டுக்கு நம்ம ஓலை சேராதாம்லே, வாங்க போவோம்" என்றது. சிரித்தார்கள். சம்மாட்டி சிரிக்கவில்லை. வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வீட்டைக் கை காட்டினார். எங்கள் ஓலை எங்களைத் தாண்டிப் போனது. அம்மா அடுப்பில் கஞ்சிக்குப் பானை ஏற்றியிருந்தாள். அதை இறக்கி வைத்தாள்.

மழை வந்தது. வாரக்கணக்கில் வந்தது. கடையில் பயறு மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. பின்சுவர் இல்லாததால் நாங்கள் சமைப்பது, படுப்பது, சண்டை போடுவது எல்லாம் கடற்கரைக்குப் போகிற பாதைக்குத் திறந்து கிடந்தது. அம்மா பழைய சேலையைக் கட்டி அதன் மறைவில் குளிப்பாள். காற்று அந்தச் சேலையை ஒரு நாளும் அதன் இடத்தில் விட்டுவைத்ததில்லை. கூடையோடு போகிற பெண்கள் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பார்த்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சுற்றிலும் புது ஓலை மணத்துக்கொண்டிருந்தது; நடுவில் நாங்கள் எலும்பு தெரிய நின்றோம். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோரும் போய் முடியட்டும் என்று காத்திருந்து வீட்டுக்கு வருவேன்.

இடையில் ராமநாதபுரத்திலிருந்து காண்ட்ராக்டர் ஒருவரை மாமா கூட்டிவந்தார். அவர் உத்திரங்களைத் தட்டினார், நாடாவைப் பிடித்து அளந்தார், பனை இருந்த இடத்திலெல்லாம் தேக்கு என்று எழுதினார். அம்மா கேட்டதற்கு, "எல்லாரும் எழுதுறதுதான்க்கா, கம்பெனிக்கும் தெரியும்" என்றார் மாமா. அய்யா கணக்கில் புலி. ஆனால் அன்றைக்கு எழுந்து கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனி ஆள் பொங்கலுக்குப் பிறகு வந்தார். குடையை மடக்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டு, சுவரில்லாத வீட்டுக்குள் வாசல் வழியாகவே நுழைந்தார். குரலை உயர்த்தாத மனிதர். அவர் கத்தியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். சாவியால் உத்திரத்தைச் சுரண்டினார். கறுப்பு நார் பிரிந்து வந்தது. அதைக் காண்ட்ராக்டரிடம் நீட்டினார். புதுசாகப் போடப் போவதுதான் தேக்கு என்று காண்ட்ராக்டர் சொல்ல, அப்படியானால் பழையதற்குத்தான் நான் வந்திருக்கிறேன் என்றார் அவர். பிறகு முளைத்த மூட்டைகளையும் ஊறிப்போன கதவுகளையும் பார்த்துவிட்டு அய்யாவிடம் கேட்டார்: "இத்தனை நாள் மழையில ஏன் விட்டீங்க? ஓலையாவது போட்டிருக்கலாமே. தெருவுல எல்லாரும் போட்டிருக்காங்களே."

அய்யா மாமாவைப் பார்த்தார். மாமா காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

மழையில் போனதற்கு ஒன்றும் இல்லை என்று ஆயிற்று. ஓடுகளைக் காற்று கொண்டுபோனதை அவர் ஒப்புக்கொண்டார். சுவர்தான் மிச்சம். கடல்தண்ணீரில் விழுந்த சுவருக்குக் கம்பெனி தராது. காற்று உத்திரத்தை அசைத்து, உத்திரம் சுவரைத் தள்ளியதென்று காண்ட்ராக்டர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உறவுக்காரர் அல்லாத யாராவது கண்ணால் பார்த்தவர் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன் என்றார் கம்பெனி ஆள்.

அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டு சம்மாட்டி வீட்டுக்கு நடந்தார். அதற்கு முன் அவர் என் கையைப் பிடித்து நடந்ததாக எனக்கு நினைவில்லை. சம்மாட்டி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அய்யா உட்காரவில்லை. என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"சுவரு போச்சுன்னா கடையும் போச்சு சம்மாட்டி. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிற வேண்டியதுதான். அவரு ஒரு வார்த்தை கேக்குறாரு. காத்தா, தண்ணியான்னு."

சம்மாட்டி என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் தெரிந்த அந்தச் சுவர் எங்களுக்கு நடுவில் இன்னொரு தடவை உட்கார்ந்தது. அவர் வலையை மடியிலிருந்து இறக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். "சுவர் விழுந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்யா."

"காத்துலயா, தண்ணியிலயா?"

"காத்துல."

"அப்ப தண்ணி வரலையா?"

"தண்ணி பெறவு வந்துச்சு."

கம்பெனி ஆள் பேனாவைத் திறந்துகொண்டே, கழுத்தில் கிடக்கும் சிலுவையைத் தொட்டுச் சொல்ல முடியுமா என்றார். கேட்ட விதத்தில், வேண்டாம் என்றால் அவரும் விட்டுவிடுவார்போல இருந்தது. சம்மாட்டி சிலுவையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னார். பிறகு கட்டைவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வைத்தார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. எனக்குக் காது சுட்டது. அவ்வளவு பெரிய ஆள், என்னைத் தோளில் வைத்துக் கடலுக்குள் நடந்த ஆள், எல்லோர் முன்னாலும் பொய் சொல்கிறாரே என்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன். அய்யாவுக்காக வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுவருக்குக் கிடைத்தது. கிடைத்ததில் சுவரும் பாதி ஓடும்தான் வரும் என்றார் காண்ட்ராக்டர். மாமாவோடு ஒரு நாள் முழுக்கச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு, சுவரையும் பாதி ஓட்டையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். மீதிப் பாதிக்கு ஓலை. அதைப் போட உச்சிப்புளியிலிருந்து கூலிக்கு ஆள் வந்தது. தெருவின் வரிசை எப்போதோ முடிந்துபோயிருந்தது. அதில் மறுபடி நுழைய அய்யாவுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வேலை செய்வதைச் சம்மாட்டி தன் முற்றத்திலிருந்து பார்த்தார். கிடுகைத் தலைகீழாக வைத்தபோது மட்டும், "இங்கன காத்து தெக்க இருந்து வரும்லே, திருப்பி வைங்க" என்றார்.

புதுச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல்தடவை சாப்பிட்டபோது அய்யா சொன்னார், "சும்மாவா சொல்லியிருப்பான்? பாரு, நாளைக்கு எதுக்காவது வந்து நிப்பான்." அம்மா அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கரண்டியை நிறுத்தினாள். சம்மாட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை, எந்த நாளும் வரவில்லை.

ஈஸ்டருக்கு அவர் மகள் என்னைப் பூசைக்குக் கூட்டிப்போனாள். என் வகுப்புக்காரி. எனக்கும் தலையில் முக்காடு போட்டுவிட்டாள். கோயிலுக்குள் ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பீடத்தில் சாமியார் தரும் அப்பத்தை, நன்மையை, வாங்காதவர்கள் இருக்க மாட்டார்கள் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் வேதம் இல்லாததால் எழுந்து வரக்கூடாது என்றும். மணி அடித்ததும் கோயிலே எழுந்து பீடத்தை நோக்கி நகர்ந்தது. கிழவிகள், வள்ளத்து ஆட்கள், எங்கள் வாசலில் நின்று சிரித்தவர்கள், எல்லோரும் கைகூப்பிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் வெறுந்தரையில் சம்மாட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான்.

திரும்பும் வழியில் மகள்தான் சொன்னாள், அவளுக்கும் முழுசாகத் தெரியவில்லை. "எங்கப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலையாம். செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்ட சொல்லாம நன்மை வாங்கக்கூடாதுல்ல. அம்மா ஒரே அழுகை. சொன்னா, நீ சொன்னது உண்மை இல்லைன்னு போய்ச் சொல்லிட்டு வான்னு சாமியார் சொல்லிருவாராம். அப்படிச் சொல்லிட்டா ஒரு குடும்பமே ஊரை விட்டுப் போயிருமாம்." எந்தக் குடும்பம் என்று அவளுக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை. என் மனம் இன்னும் கோயிலுக்குள்தான் இருந்தது.

ஏனென்றால் அங்கே, எல்லோரும் எழுந்து போன அந்த வெறுந்தரையில், எனக்கு அழுகை வரப் பார்த்தது. அப்போது அவர் தலையைத் திருப்பி என்னைக் கண்டுகொண்டார். லேசாகச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் அவரும் போகாமல் இருக்கிறார் என்று நினைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.